பூட் ஆகும் சிடியிலிருந்து பூட் இமேஜை மட்டும் உருவுவது எப்படி? எடை மேடை கம்ப்யூட்டர், கொஞ்சம் அவசரம்

செங்கோட்டைச் சாரல் (திங்கள், காலை 7.20)

எல்லோருக்கும் வணக்கம். செங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். புளியரை ரோட்டில் ஒரு லாரி எடை மேடை. கேரளாவுக்குப் போகிற வைக்கோல், காய்கறி, ஜல்லி எல்லாம் அதில் ஏறி இறங்கித்தான் போகும். அங்கிருக்கும் கம்ப்யூட்டர் பழசு. விண்டோஸுக்கு முந்திய டாஸில் ஓடுகிற எடை புரோகிராம். பின்னால் 9 முள் சீரியல் போர்ட்டில் எடை காட்டும் டப்பா. போன வாரம் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. என்னிடமிருந்த பழைய 40 ஜிபி ஐடிஇ டிஸ்கைப் போட்டுவிட்டேன். அதில் ஒன்றும் இல்லை.

மேடை அமைத்தவர்கள் அன்றைக்குக் கொடுத்த ஒரு சிடி இருக்கிறது. அதைப் போட்டு பூட் செய்தால் எல்லாவற்றையும் தானே ஏற்றிவிடும் என்று ஓனர் சொல்கிறார். அந்த மெஷினின் சிடி டிரைவ் சுற்றுகிறது, படிக்கவில்லை. கடையில் கிடந்த இரண்டு பழைய ஐடிஇ டிரைவும் லென்ஸ் போனவை. என் லேப்டாப்பில் யூஎஸ்பி டிவிடி ரைட்டரில் போட்டால் சிடி திறக்கிறது. உள்ளே இருந்ததை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தேன், பூட் ஆகவில்லை. பூட் பென் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸில் கொடுத்தால் இந்தப் பூட் முறை ஆதரிக்கப்படவில்லை என்கிறது. மெஷின் எழும்போது முதலில் ஓடும் பயாஸில் யூஎஸ்பி-எஃப்டிடி (பென் டிரைவை ஃப்ளாப்பியாகப் பார்ப்பது), யூஎஸ்பி-எச்டிடி (ஹார்டு டிஸ்காகப் பார்ப்பது) இரண்டும் இருக்கிறது. உபுண்டு இருக்கிறது, டெர்மினலும் பழக்கம்தான். வழி உண்டா?

கம்பம் மெட்டு (திங்கள், காலை 8.05)

அண்ணாச்சி, இந்த மெஷினுக்கு இவ்வளவு பாடா? புதுசு ஒன்று வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

செங்கோட்டைச் சாரல் (திங்கள், காலை 8.11)

தம்பி, டப்பா பேசுகிற பாஷை அந்த புரோகிராமுக்கு மட்டும்தான் தெரியும். டப்பாவை மாற்றினால் மேடையை மறுபடி சோதித்து முத்திரை வாங்க வேண்டும். ஓனர் அதைக் கேட்டாலே நெஞ்சைப் பிடிக்கிறார்.

கொழிஞ்சாம்பாறை மாஷ் (திங்கள், காலை 9.40)

முதல் பீரியட் இல்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். நம் குழு வழக்கப்படி கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

காப்பி செய்தால் ஏன் பூட் ஆகாது? நீங்கள் காப்பி செய்தது சிடியின் அடைவுப் பட்டியலில் இருக்கும் கோப்புகளை. பூட் ஆகிற பகுதி அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதுதான் பூட் இமேஜ், இந்த மாதிரி பழைய டாஸ் சிடியில் பெரும்பாலும் உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு முழு ஃப்ளாப்பியின் நகல். எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு தனிக் குறிப்பு உண்டு. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் எல் டொரிட்டோ. 1995-இல் ஃபீனிக்ஸ், ஐபிஎம் இரண்டும் சேர்ந்து வகுத்தது. கலிஃபோர்னியாவில் அதே பெயருள்ள ஒரு மெக்சிகன் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து யோசித்ததால் அந்தப் பெயர் என்று ஒரு கதை சொல்வார்கள். நம் ஊரில் யோசித்திருந்தால் பரோட்டாக் கடைப் பெயர் வந்திருக்கும்.

சிடியில் ஒரு செக்டார் 2048 பைட். 0 முதல் 15 வரை தரப்படி சும்மா விட்டிருப்பார்கள். 16-இல் சிடியின் முகவரிச் சீட்டு. 17-இல் எல் டொரிட்டோ என்ற பெயரும், 71-ஆவது பைட்டிலிருந்து நான்கு பைட்டில் பூட் கேட்டலாக் எந்த செக்டாரில் என்ற எண்ணும். கேட்டலாக்கைத் திறந்தால் பூட் இமேஜ் எங்கே, எந்த வகை என்று இருக்கும். கையாலேயே படித்துவிடலாம். ஆனால் அதற்கென்றே கெட்எல்டொரிட்டோ என்று பெர்லில் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் இருக்கிறது. உபுண்டுவில் ஜென்ஐசோஇமேஜ் பொதியோடு வரும்.

ஆனால் அதற்கு முன்னால் சிடியை முழுசாக ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக (சிடியின் அச்சு நகல்) எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சிடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சோதனைக்கும் சுற்ற விடாதீர்கள்.

செங்கோட்டைச் சாரல் (திங்கள், மதியம் 1.30)

நன்றி மாஷ். டிடி கட்டளையில் (பைட் பைட்டாக அப்படியே நகலெடுப்பது) எடுக்கப் போனேன், 60 சதவீதம் தாண்டியதும் உள்ளீடு-வெளியீடு பிழை என்று நின்றுவிட்டது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. எங்கள் ஊர்ச் சாரலில் தோல் பெல்ட்டே பூத்துப் போகும், சிடி எந்த மூலைக்கு.

கொழிஞ்சாம்பாறை மாஷ் (திங்கள், மதியம் 1.52)

சட்டையில் தேய்த்துவிடாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்து நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்துக் கீறல் விழுந்தால் அது ஒரே தடத்தோடு நீளமாக ஓடும், பிழை திருத்தும் குறியீட்டால் அதைச் சமாளிக்க முடியாது. குறுக்கே விழுந்த கீறலென்றால் தப்பிக்கும். மேல்பக்கம் இன்னும் ஜாக்கிரதை. எழுதும் சிடியில் பிரதிபலிக்கும் பூச்சு லேபிளுக்கு அடியிலேயேதான் இருக்கிறது.

அப்புறம் டிடிக்குப் பதிலாக டிடிரெஸ்க்யூ, கெட்டுப்போன டிஸ்கிலிருந்து மீட்டெடுக்கும் கருவி. செக்டார் அளவு 2048 என்று கொடுத்து, முதல் சுற்றில் மோசமான இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றில் எது வந்தது, எது விட்டது என்று அது குறித்துவைத்த அதே மேப் கோப்பைக் கொடுத்து மூன்று முறை மறுபடி முயலச் சொல்லுங்கள். விட்ட இடங்களுக்கு மட்டும் போகும்.

களியக்காவிளை (திங்கள், மாலை 4.10)

விண்டோஸ்காரர்களுக்கு: செவன்ஜிப்பில் ஐஎஸ்ஓவைத் திறந்தாலே பூட் என்று அடைப்புக்குறியில் ஒரு அடைவு தெரியும். உள்ளே இமேஜ் இருக்கும், இழுத்துப் போட்டால் முடிந்தது. டெர்மினல் எதற்கு?

கொழிஞ்சாம்பாறை மாஷ் (திங்கள், மாலை 4.30)

சரிதான். ஆனால் வந்தது முழுசா, எந்த வகை என்று பார்க்காமல் எடுத்தால் பின்னால் முழிக்க வேண்டிவரும். கட்டளையில் அது கண்ணில் படும்.

செங்கோட்டைச் சாரல் (திங்கள், இரவு 9.45)

துடைத்து டிடிரெஸ்க்யூ போட்டேன். இரண்டாம் சுற்றில் எல்லா செக்டாரும் வந்துவிட்டது! அது ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் கை சும்மா இருக்காமல் கடையிலிருந்த ஒரு எக்ஸ்பி சிடியின் ஐஎஸ்ஓவில் கெட்எல்டொரிட்டோவைப் பழகிப் பார்த்தேன். வந்த கோப்பு 2048 பைட்தான். இதில் என்ன பூட் ஆகும்? கருவியே கோளாறா?

கொழிஞ்சாம்பாறை மாஷ் (திங்கள், இரவு 10.20)

கருவி சரி. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுவார்கள்.

கேட்டலாக்கில் மீடியா வகை என்று ஒரு பைட். 1 என்றால் 1.2 எம்பி ஃப்ளாப்பி, 2 என்றால் 1.44, 3 என்றால் 2.88, 4 என்றால் ஹார்டு டிஸ்க். பயாஸ் அந்த இமேஜை நிஜ டிரைவ் போலக் காட்டி நடிக்கும். 0 என்றால் நடிப்பே இல்லை: இத்தனை செக்டாரை நினைவகத்தில் ஏற்று, ஓட்டு, அவ்வளவுதான். எக்ஸ்பி சிடி அந்த 0 வகை. 512 பைட் கணக்கில் 4 செக்டார், ஆக 2048. அந்தச் சின்னத் துண்டு எழுந்ததும் சிடியிலேயே மீதியைத் தேடிப் போகும். தனியாக உருவிப் பென் டிரைவில் போட்டால் தலையை வெட்டித் தட்டில் வைத்த மாதிரி.

பழைய லினக்ஸ் சிடியிலும் இதே கதை. அதை எழுப்பும் ஐசோலினக்ஸ் கோப்பு நிஜத்தில் பல மடங்கு பெரிது, கேட்டலாக்கில் மட்டும் 4 என்று இருக்கும். அந்தக் கோப்பின் 8-ஆவது பைட்டிலிருந்து 56 பைட்டுக்கு ஒரு குறிப்பு பதித்திருப்பார்கள். தான் எந்த செக்டாரில் இருக்கிறேன், என் நீளம் எவ்வளவு என்று அதில் இருக்கும். மீதியை அதை வைத்துத் தானே ஏற்றிக்கொள்ளும். கேரளப் பள்ளிகளில் ஐடி@ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கியது. பிறகு சுதந்திர மென்பொருளுக்கு மாறி, இப்போது கைட் என்ற பெயரில் நடக்கிறது. எங்கள் தமிழ் மீடியம் பள்ளி லேபிலும் லினக்ஸ்தான். பழைய டிஸ்குகளில் நான் இப்படி உருவி உருவி ஒரு மாதம் வீணடித்தேன். இப்போது வருகிற லினக்ஸ் ஐஎஸ்ஓவுக்கு அந்தக் கூத்தே வேண்டாம், அப்படியே டிடி போட்டால் பென் டிரைவ் பூட் ஆகும்.

உங்கள் எடை மேடை சிடியில் ஓட்டிப் பார்த்து என்ன சொல்கிறது என்று போடுங்கள்.

செங்கோட்டைச் சாரல் (திங்கள், இரவு 10.41)

ஓட்டிவிட்டேன். பூட் கேட்டலாக் 19-ஆம் செக்டாரில் தொடங்குகிறதாம். மீடியா வகை 1.44 மெக் ஃப்ளாப்பி. இமேஜ் 20-ஆம் செக்டாரில் தொடங்கி 512 பைட் கொண்ட 2880 செக்டார். கோப்பு 14,74,560 பைட்.

குமுளி ஏலக்காய் (திங்கள், இரவு 11.05)

குறுக்கே வருகிறேன். புற்றடி ஏலத்துக்குப் போகிற ஒரு வியாபாரியின் திங்க்பேடில் பயாஸ் மாற்ற நான் இதே கருவியைத்தான் பயன்படுத்தினேன். அந்த லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லை, பயாஸ் புதுப்பிப்பு ஐஎஸ்ஓவாகக் கிடைத்தது. உருவினால் ஹார்டு டிஸ்க் வகை என்றது. அந்த இமேஜை அப்படியே பென் டிரைவில் எழுதினேன், பூட் ஆகியது. ஆனால் கேட்டலாக்கில் செக்டார் எண்ணிக்கை 1 என்று இருந்ததாக ஞாபகம். பிறகு எப்படி முழு இமேஜும் வந்தது?

கொழிஞ்சாம்பாறை மாஷ் (செவ்வாய், காலை 6.15)

நல்ல கேள்வி. எண்ணிக்கை 1 என்பது பயாஸ் முதலில் ஏற்ற வேண்டிய அளவு மட்டும், இமேஜின் நீளம் இல்லை. ஃப்ளாப்பி என்றால் நீளம் வகையிலிருந்தே தெரியும். ஹார்டு டிஸ்க் வகை என்றால் இமேஜின் முதல் செக்டாரிலிருக்கும் பார்ட்டிஷன் அட்டவணையைப் படித்துக் கருவி நீளத்தைக் கணக்குப் போடும்.

ஒரு குறை உண்டு. கெட்எல்டொரிட்டோ கேட்டலாக்கின் முதல் பதிவை மட்டும்தான் எடுக்கும். இப்போதைய சிடிகளில் இரண்டாவதாக, பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐக்கு ஒரு இமேஜ் இருக்கும், அது வேண்டுமென்றால் ஸோரிஸோ என்ற கருவியிடம் போக வேண்டும். அது எல்லாப் பதிவையும் அட்டவணையாகக் காட்டும், எல்லா பூட் இமேஜையும் ஒரு அடைவில் எடுத்தும் கொடுக்கும்.

சாரல் அண்ணாச்சி, உங்கள் எண்களைக் கையாலும் சரிபார்க்கலாம். 19-ஐ 2048-ஆல் பெருக்கினால் 38,912. அந்த இடத்திலிருந்து 64 பைட்டை ஹெக்ஸில் (பதினாறடிமானத்தில்) பாருங்கள். முதல் 32 பைட் சரிபார்ப்புப் பதிவு. அடுத்த 32-தான் நமக்கு வேண்டியது.

செங்கோட்டைச் சாரல் (செவ்வாய், காலை 7.02)

இரண்டாவது 32 பைட் இப்படித் தொடங்குகிறது:

88 02 00 00 00 00 01 00 14 00 00 00

கொழிஞ்சாம்பாறை மாஷ் (செவ்வாய், காலை 7.10)

அழகு. 88 என்றால் பூட் ஆகும்; அங்கே 00 இருந்தால் ஆகாது. 02 என்றால் 1.44 ஃப்ளாப்பி. அடுத்த இரண்டு பைட் நினைவகத்தில் எங்கே ஏற்றுவது என்பது, 0 என்றால் வழக்கமான இடம். அதற்கடுத்த இரண்டு நமக்கு வேண்டாம். அப்புறம் 01 00, சிறிய பைட் முன்னால் வருவதால் 1. அப்புறம் 14 00 00 00, பதினாறடிமானத்தில் 14, நம் கணக்கில் 20. கருவியும் 20 என்றுதான் சொன்னது.

கருவியே இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துபோகாது. டிடியில் பிளாக் 2048, ஸ்கிப் 20, கவுன்ட் 720 என்று கொடுத்தால் அதே கோப்பு கையில். இரண்டையும் சிஎம்பி கட்டளையில் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றும் பேசாமல் திரும்பினால் சமம்.

கம்பம் மெட்டு (செவ்வாய், காலை 8.30)

அப்படியே பென் டிரைவில் டிடி போடாதீர்கள் அண்ணாச்சி. ஃப்ளாப்பி இமேஜுக்கு 80 தடம், 2 தலை, 18 செக்டார் என்ற வடிவம் உள்ளேயே எழுதியிருக்கும். பயாஸ் பென் டிரைவை ஹார்டு டிஸ்காகப் பார்த்தால் வடிவம் பொருந்தாமல் தொங்கும். சிஸ்லினக்ஸ் என்ற பூட் லோடரைப் போட்டு, அதன் மெம்டிஸ்க் வழியாக இமேஜை ஏற்றுங்கள். அது நினைவகத்தில் ஃப்ளாப்பியாக நடிக்கும்.

செங்கோட்டைச் சாரல் (செவ்வாய், இரவு 8.50)

தம்பி பதிவைப் பார்க்கும் முன்னாலேயே மேடைக்குப் போய்விட்டேன். டிடி போட்ட பென் டிரைவ். யூஎஸ்பி-எச்டிடியில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது, தம்பி சொன்ன மாதிரியேதான். யூஎஸ்பி-எஃப்டிடியில் வைத்தேன், விண்டோஸ் 98 துவங்குகிறது என்று வந்தது! பக்கத்தில் நின்ற ஓனர் டீ சொல்லிவிட்டார்.

டீ வருவதற்குள் நின்றுவிட்டது. திரையில் சிடிஆர்101, ஆர் டிரைவ் தயாராக இல்லை, நிறுத்தவா, மறுபடி முயலவா, விட்டுவிடவா என்று. எதை அமுக்கினாலும் அதையே கேட்கிறது. பூட் ஆகிவிட்டது, ஆனால் எடை புரோகிராம் இருக்கும் அடைவைச் சிடியில் (அதற்குத்தான் ஆர் என்ற எழுத்து) தேடுகிறது. சரி, நாளைக்கு ஹார்டு டிஸ்கைக் கழற்றி வந்து, லேப்டாப்பில் மாட்டி, எடை அடைவை சி டிரைவில் காப்பி செய்து, டாஸ் எழுந்ததும் தானே ஓட்டும் கட்டளைக் கோப்பான ஆட்டோஎக்ஸெக்கில் ஆர் என்பதை சி என்று மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை மாஷ் (செவ்வாய், இரவு 9.04)

நில்லுங்கள். அந்த ஆட்டோஎக்ஸெக்கை முழுசாகப் படித்தீர்களா? இமேஜை மவுன்ட் செய்யக்கூட வேண்டாம். எம்டூல்ஸ் இருந்தால் எம்டிர் கட்டளையில் இமேஜ் பெயரைக் கொடுத்து உள்ளே பார்க்கலாம், எம்காப்பியில் வெளியே எடுக்கலாம்.

செங்கோட்டைச் சாரல் (செவ்வாய், இரவு 9.31)

மாஷ், கையெடுத்துக் கும்பிடுகிறேன். நாலாவது வரி: சி டிரைவைக் கேள்வி கேட்காமல் ஃபார்மட் செய்து சிஸ்டம் கோப்புகளை ஏற்று. அதற்கு அப்புறம்தான் சிடியைத் தேடுகிறது. இன்றைக்கும் ஃபார்மட் செய்திருக்கிறது, டிஸ்க் காலி என்பதால் தெரியவில்லை. நான் சியில் போட்டு வைத்திருந்தால் தன் சோற்றைத் தானே கொட்டியிருக்கும்.

கொழிஞ்சாம்பாறை மாஷ் (செவ்வாய், இரவு 9.50)

கம்பம் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. மெம்டிஸ்க் நல்ல யோசனைதான், வேறு எந்த இடத்திலும் நானே அதைத்தான் சொல்லுவேன். ஆனால் அதற்குப் பென் டிரைவ் யூஎஸ்பி-எச்டிடியாக எழும். அப்போது பயாஸுக்கு அதுதான் முதல் ஹார்டு டிஸ்க், டாஸுக்கு அதுதான் சி. நாலாவது வரி பென் டிரைவையே ஃபார்மட் செய்திருக்கும். எஃப்டிடியாக எழுந்ததால்தான் பென் டிரைவ் ஏ ஆகவும், நிஜ டிஸ்க் சி ஆகவும் நின்றது. அண்ணாச்சிக்குக் குருட்டு அதிர்ஷ்டம்.

கம்பம் மெட்டு (செவ்வாய், இரவு 9.58)

கோபமெல்லாம் இல்லை மாஷ். போன வருஷம் எனக்கு ஒரு பென் டிரைவ் அப்படித்தான் காலியானது. இப்போதுதான் காரணம் புரிகிறது 😄

கொழிஞ்சாம்பாறை மாஷ் (செவ்வாய், இரவு 10.10)

டிஸ்கை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரியுங்கள். முதலாவது பிரைமரி, ஆக்டிவ் குறியோடு, 2 ஜிபி போதும். இரண்டாவது எக்ஸ்டெண்டடுக்குள் லாஜிக்கல், ஃபேட்32. எடை அடைவை இரண்டாவதில் போடுங்கள், டாஸ் அதை டி என்று காட்டும். ஆட்டோஎக்ஸெக்கில் ஆர் வருகிற இடமெல்லாம் டி. சிடி டிரைவரை ஏற்றும் வரி கான்ஃபிக் கோப்பில் ஒன்று, ஆட்டோஎக்ஸெக்கில் ஒன்று, இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

ஒரு கண்ணி இருக்கிறது. லினக்ஸ் எடிட்டரில் புதிதாக அடிக்கும் வரி டாஸ் முறையில் முடியாமல் போகலாம். டாஸ் இரண்டு எழுத்தில் வரியை முடிக்கும், லினக்ஸ் ஒன்றில். யூனிக்ஸ்டூடாஸ் ஓட்டிவிட்டு எம்காப்பியில் திரும்பப் போடுங்கள். அப்புறம் மறுபடி பென் டிரைவுக்கு டிடி. எந்த டிஸ்குக்கு எழுதுகிறீர்கள் என்று டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கேயில் இரண்டு தடவை பாருங்கள், இரவு பத்து மணிக்கு மேல் மூன்று தடவை.

களியக்காவிளை (புதன், காலை 10.15)

என்ன ஆச்சு அண்ணாச்சி? வேலையைப் போட்டுவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செங்கோட்டைச் சாரல் (புதன், மதியம் 2.40)

ஓடிவிட்டது! ஃபார்மட், காப்பி, ரீபூட், எடை புரோகிராமின் நீலத் திரை. டப்பாவிலிருந்து எண் வருகிறது. முதலில் ஓனரின் ஸ்கூட்டரை ஏற்றிப் பார்த்தோம், அப்புறம் வரிசையில் நின்ற வைக்கோல் லாரி. காலி எடை, சரக்கோடு எடை, நிகர எடை, டாட் மேட்ரிக்ஸ் கிர்ர்ரென்று அடித்துச் சீட்டைக் கொடுத்தது.

ஐஎஸ்ஓ, திருத்திய இமேஜ் இரண்டையும் மூன்று இடத்தில் வைத்துவிட்டேன். சிடியை உறையில் போட்டு ஓனரிடம் கொடுத்தால் அவர் அதைத் திரும்பச் சன்னல் ஓரத்திலேயே வைக்கிறார்.

செங்கோட்டைச் சாரல் (புதன், மதியம் 3.25)

அந்த வைக்கோல் லாரி திரும்பி வந்துவிட்டது. டிரைவர் சீட்டை நீட்டி, "அண்ணே, நான் பொறக்கறதுக்கு முந்தி எடை போட்டிருக்கீங்க" என்கிறார். தேதி 1-1-1980. ஒரு வாரம் கரண்ட் இல்லாமல் கிடந்ததில் மதர்போர்டு பட்டன் செல் செத்திருக்கிறது. 2032 வாங்கத் தென்காசிக்குக் கிளம்புகிறேன்.